304 ஸ்டெயின்லெஸ் தொட்டியில் துருப்புள்ளி: என் அனுபவம்

எங்கள் பட்டறையில் செய்த 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்ணீர்த் தொட்டியின் வெளிப்புறத்தில், ஒரு மழைக்கே பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. தகடு தரம் குறைந்ததோ என்று சோதனைக்கு அனுப்பினோம். குரோமியம், நிக்கல் இரண்டும் சரி. அப்புறம் புதிய 308எல் கம்பியில் (304-க்கு ஏற்ற வெல்டிங் கம்பி) டிக் வெல்டிங் செய்து பார்த்தோம், பலன் இல்லை. பாலிஷ் போட்டால் மறையும், ஈரம் பட்டதும் திரும்ப வரும்.

உற்றுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. வெல்டிங் போட்ட இடத்தில் மட்டுமல்ல, வெறும் தகட்டிலும் மணல் தூவியதுபோலப் புள்ளிகள். அதுவும் ஒரே பக்கத்தில். அந்தப் பக்கம்தான் இரும்பு கேட்டுகளுக்கு கிரைண்டர் ஓடும் இடம்! பறந்து வந்த தீப்பொறிதான் தகட்டில் ஒட்டித் துருப்பிடித்திருக்கிறது. உறுதி செய்ய, கந்தக அமிலம் சிறிது கலந்த மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலைத் தடவி 6 நிமிடம் ஈரமாக வைத்தோம். இரும்புத் துகள் இருந்த இடமெல்லாம் செம்பு படிந்தது. உணவு படும் பரப்பில் இந்தச் சோதனை கூடாது.

ஒட்டிய இரும்பையும் துருவையும் கரைத்தெடுக்கும் அமிலப் பசையான பிக்ளிங் பேஸ்ட் பூசி நிறையத் தண்ணீரில் கழுவினோம். அதில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். கையுறை, முகத்தடுப்பு இல்லாமல் தொடவே வேண்டாம். இப்போது நடுவே தகரத் தடுப்பு, ஸ்டெயின்லெஸுக்குத் தனி பிரஷ், தனி டிஸ்க். அடுத்து செய்த தொட்டி மழையில் நின்றும் சுத்தமாக இருக்கிறது. பெரிய நிம்மதி.