மூட்டை கட்டினால் கண்மாய் சுத்தமாகிவிடாது: மாணவர் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காந்தி ஜெயந்தி நெருங்கினால் மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்க் கரைகளில் கல்லூரிப் பேருந்துகள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். நாட்டு நலப்பணித் திட்டம், பள்ளிகளின் தேசிய பசுமைப் படை, எந்தப் பெயரும் இல்லாமல் வாட்ஸ்அப்பில் சேர்ந்த நண்பர்கள் கூட்டம் என்று பல வகைக் குழுக்கள். கூப்பிடுகிறவர்களோடு நானும் போவேன். நாங்கள் மாணவர்களாக இருந்த காலத்தில் செய்த அதே தப்புகளை, அதே வரிசையில், அதே உற்சாகத்தோடு இவர்களும் செய்வதைப் பார்க்கும்போது வாய் சும்மா இருப்பதில்லை. அதனால்தான் இது.

கையுறை போடுங்கள், தொப்பி வையுங்கள், நீச்சல் தெரியாதவர்கள் தண்ணீரில் இறங்காதீர்கள் என்பதையெல்லாம் சொல்ல உங்கள் திட்ட அலுவலர் இருக்கிறார். அவர் சொல்ல வாய்ப்பில்லாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

## கண்மாய் யாருடையது என்று தெரியாமல் கிளம்புவது

'பஞ்சாயத்துல சொல்லிட்டோம் சார்' என்பார்கள். பல நேரம் அந்தக் கண்மாய் பஞ்சாயத்துடையதாகவே இருக்காது. தமிழ்நாட்டில் பொதுவாக 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் கையில். ஊருணியும் குட்டையும்தான் பெரும்பாலும் ஊராட்சியிடம் இருக்கும். நகரத்தை ஒட்டிய கண்மாய் என்றால் இன்னும் குழப்பம்: தண்ணீருக்கு ஒரு துறை, கரையில் கிடக்கும் குப்பைக்கு இன்னொன்று.

துறைகளைத் தவிர இன்னொருவரும் இருக்கிறார். அவரை எல்லாரும் மறந்துவிடுவார்கள். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர். ஏலத்தில் பணம் கட்டிக் குஞ்சு விட்டவருக்கு, நூறு பேர் திடீரென்று ஓரத்தைக் கலக்கினால் கோபம் வரத்தான் செய்யும். முன்கூட்டியே போய் ஒரு வார்த்தை சொன்னால் அவரே பரிசல் கொடுத்து உதவுவார்.

## மூட்டைகளைக் கரையில் விட்டுவிட்டுப் பேருந்து ஏறுவது

மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம். இதை மட்டும் என்னால் முடியவில்லை.

காட்சி எப்போதும் ஒன்றுதான். காலை ஏழு மணிக்கு இறங்குவார்கள். பத்தரைக்குள் கரை நெடுக வெள்ளை உரச் சாக்குகள் வரிசை கட்டி நிற்கும். அவற்றின் முன்னால் நின்று படம் எடுப்பார்கள். 'மத்தியானம் ஊராட்சி வண்டி வந்து எடுத்துக்கும்' என்று யாரோ சொல்வார்கள். பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டுப் பேருந்து கிளம்பிவிடும். வண்டி வராது.

ஏன் வராது? கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பெரும்பாலான ஊராட்சிகளில் இருப்பது வீடு வீடாகக் குப்பை வாங்கும் பேட்டரி வண்டி. மேடும் பள்ளமுமான கண்மாய்க் கரையில் சுமையோடு ஏறுவதற்கே அது திணறும். அதை ஓட்டும் தூய்மைக் காவலர்கள் விடிகாலையில் தொடங்கி நண்பகலுக்குள் தங்கள் தெருக்களை முடித்துவிட்டுப் போயிருப்பார்கள். நீங்கள் பேசியது ஊராட்சிச் செயலரிடம். அவர் 'சரி தம்பி, பாத்துக்கலாம்' என்றார். அந்தப் 'பாத்துக்கலாம்' வண்டி ஓட்டுபவரின் காதுக்குப் போகவே இல்லை.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். குப்பை மண்டிய ஓரத்தில் ஒருவர் ஒரு காலைக்குள் இரண்டு சாக்கை நிரப்பிவிடலாம். அறுபது பேர் போனால் நூற்றுக்கு மேல். பேட்டரி வண்டிக்கு அது பல நடை. அத்தனை நடைக்கு யார் ஆள், யார் சார்ஜ்?

இனி மூட்டைகளின் கதைக்கு வருவோம். மிச்சச் சோற்றுப் பொட்டலமும் கோழிக்கழிவும் உள்ளே இருப்பதால் அன்று இரவே நாய்கள் கிழிக்கும், காலையில் மாடுகள் மேயும். மிஞ்சிய சாக்குகளை வெயில் பார்த்துக்கொள்ளும். உரச் சாக்கும் பிளாஸ்டிக் இழையால் நெய்ததுதான். சில மாதம் வெயிலில் கிடந்தால் தொட்டவுடன் நார்நாராகக் கையோடு வரும். அள்ளிய குப்பை பழையபடி பரவும், அதோடு சாக்கும் தூளாகிச் சேரும்.

அதற்கு முன்பே மழை வந்துவிடும் என்பதுதான் பெரிய கொடுமை. அக்டோபர் 2-ல் சுத்தம் செய்கிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அதே மாதத்தில்தான். நாட்காட்டியைப் பார்த்தாலே தெரியும் விஷயம் இது.

திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு கண்மாயில் இது அப்படியே நடந்தது. கல்லூரியின் பெயர் வேண்டாம். மழைக்கு முன் சுத்தம் செய்தார்கள், செய்தித்தாளில் படமும் வந்தது. தண்ணீர் ஏறியதும் உள்வாயை, அதாவது தண்ணீர் நிற்கும் உட்பக்கத்தை, ஒட்டி அடுக்கியிருந்த சாக்குகள் மிதந்துபோய் மடைவாயில் அடைத்துக்கொண்டன. கீழே வயலில் நாற்று காத்துக் கிடக்கிறது, மடையைத் திறந்தால் தண்ணீர் நூலாக வருகிறது. முங்கி எடுக்க ஆள் தேடி, கூலி பேசி, ஊரே வசூல் செய்தது. அந்தக் கண்மாயிலிருந்து வயல்களுக்கு நீர் பாய்ச்சும் பெரியவர் என்னிடம் கேட்டார்: "ஏப்பா, முந்தி குப்பை பரவிக் கெடந்துச்சு, அதுபாட்டுக்கு ஓரத்துல ஒதுங்குச்சு. ஒங்க பிள்ளைக வந்து, மடைய அடைக்கிற அளவுக்கு மூட்டையாக் கட்டிக் குடுத்துட்டுப் போயிருச்சுகளே?" பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அடுத்த வருடம் வேறொரு குழு அங்கே போனபோது ஊர்க்காரர்கள் கரையிலேயே ஏறவிடவில்லை. அவர்கள் செய்ததில் நியாயம் இருக்கிறது.

வண்டி வரவில்லை என்றால் கொளுத்திவிடலாம் என்று ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரித்தால் டையாக்சின் போன்ற நச்சுகள் வரும். குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பவருக்கு 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே அபராதம் சொல்லிவிட்டது. குழி தோண்டிப் புதைப்பதும் வேண்டாம். அடுத்த முறை வண்டல் எடுக்க வரும் ஜேசிபி அதை மேலே கொண்டுவந்துவிடும்.

சரி, என்னதான் செய்வது? வேலையைத் தலைகீழாகத் திட்டமிடுங்கள். முதலில் குப்பை போய்ச் சேரும் இடம், அப்புறம் வண்டி, அதற்கு அப்புறம்தான் ஆள். ஒரு வாரம் முன்பே ஊராட்சியிலோ, நகரம் என்றால் சுகாதார ஆய்வாளரிடமோ நேரில் போய்க் கேளுங்கள்: எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எங்கே கொட்டும்? கடைசியாக வண்டி ஓட்டுபவரின் கைப்பேசி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதிகாரியின் எண்ணைவிட அதுதான் அன்றைக்கு வேலைக்கு ஆகும். வண்டி இல்லை என்றால் ஒரு டாடா ஏஸ் வாடகைக்குப் பிடியுங்கள். காசு இல்லை என்றால், குழுவுக்கு டி-ஷர்ட் அடிப்பதை விட்டுவிடுங்கள். எந்த வண்டியும் அமையவில்லை என்றால் நிகழ்ச்சியைத் தள்ளிப்போடுங்கள். பரவிக் கிடக்கும் குப்பை இன்னும் ஒரு வாரம் கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

வண்டி கொள்ளும் அளவுதான் அன்றைய வேலை. மூன்று நடைதான் போகும் என்றால் மூன்று நடைக்கு மட்டும் அள்ளுங்கள், கரையில் பாதி தூரத்தில் நின்றாலும் பரவாயில்லை.

அள்ளும்போதே பிரிக்கவும் வேண்டும். தண்ணீர் பாட்டில், கேன், பால் கவர், இரும்பு ஆகியவற்றைப் பழைய இரும்புக் கடைக்காரர் வந்தே எடுத்துக்கொள்வார். சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு பாக்கெட், பிஸ்கட் உறை போன்றவற்றை எந்தக் கடையும் வாங்காது. மறுசுழற்சிக்கு ஆகாத இந்த வகையைச் சிமெண்ட் ஆலைகள் சூளையில் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. அரியலூர் ஆலைகளுக்கு உள்ளாட்சிகள் அனுப்புவது இப்படித்தான். ஆனால் அது காய்ந்து, மண் உதிர்ந்து இருக்க வேண்டும். சேறும் ஈரமுமாகக் கட்டிய மூட்டையில் பாதி எடை கண்மாய் மண்தான். உடைந்த மதுபாட்டிலுக்குச் சாக்கே கூடாது, தகர டின் கொண்டுபோங்கள். டயப்பரையும் ஊசியையும் மாணவர்கள் தொடக்கூடாது. அவை கிடக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு சுகாதாரப் பணியாளர்களிடம் சொல்லுங்கள்.

கடைசி மூட்டை வண்டியில் ஏறும்வரை குழுவில் நான்கைந்து பேராவது கரையில் இருக்க வேண்டும். படத்தை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

## ஆள் அதிகம் சேர்ப்பது

நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் காட்ட வேண்டும் என்பதற்காக இருநூறு பேரை ஒரே கரையில் இறக்குவார்கள். நாற்பது பேர் வேலை செய்வார்கள், மற்றவர்கள் வருகைப் பதிவேட்டுக்கு வந்தவர்கள். அந்த நூற்றறுபது பேரின் டீ கப்பை நாற்பது பேர் அள்ளுவார்கள்.

## கோரையைப் புதர் என்று பிடுங்குவது

ஓரத்தில் அடர்ந்த கோரையும் நாணலும் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரியும். அள்ளக் குப்பை தீர்ந்துவிட்டால் மாணவர்கள் அடுத்து கை வைப்பது அதில்தான். தாழைக்கோழியும் முக்குளிப்பானும் கூடு கட்டுவது அங்கேதான். கரையோர மண்ணை அலை அரிக்காமல் பிடித்து வைப்பதும் அந்த வேர்கள்தான். 'மொட்டையடித்த மாதிரி பளிச்சுன்னு இருக்கு' என்று பாராட்டு கிடைத்தால் நீங்கள் எதையோ கெடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகாயத்தாமரை வேறு கதை, அதை எடுக்கலாம். எடுத்ததைத் தண்ணீர் ஏறாத மேட்டில் போட்டுக் காயவிடுங்கள், ஓரத்தில் போட்டால் அடுத்த மழைக்கு மீண்டும் உள்ளே போய்விடும். ஊர்ச் சாக்கடை கண்மாயில் கலக்கும்வரை அது வந்துகொண்டேதான் இருக்கும் என்பதையும் மாணவர்களிடம் மறைக்காதீர்கள். ஒரு நாள் அள்ளுவதைவிட, சாக்கடை எந்த இடத்தில் சேருகிறது என்று வரைந்து கிராம சபையில் மனுவாகக் கொடுப்பது பெரிய வேலை. கிராம சபை கூடும் நாட்களில் அக்டோபர் 2-ம் ஒன்று.

## தண்ணீர் நிற்கும் இடத்தில் வேம்பு நடுவது

கோடையில் வறண்ட கண்மாயைப் பார்த்து 'எவ்வளவு இடம் சும்மா கிடக்கு' என்று உள்ளே கன்று நடுகிறார்கள். வேம்பு தேங்கிய தண்ணீரைத் தாங்காது, நிறைந்த வருடம் செத்துப்போகும். நீர்மருது, நாட்டுக் கருவேலம் தாங்கும். ஆனாலும் நீர்ப்பிடிப்புக்குள் எதையும் நடும் முன் உரிய துறையிடம் கேளுங்கள்.

## சீமைக் கருவேலத்தை வெட்டுவது

வெட்டினால் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். தூரோடு எடுக்க முடியாவிட்டால் தொடாதீர்கள்.

## பனைவிதையைத் தோண்டிப் பார்ப்பது

முளை முதலில் கீழே போய்க் கிழங்காகும், ஓலை மேலே வர மாதக்கணக்காகும். விட்டுவிடுங்கள்.

## விதைப்பந்து

ஆடு மேயும் கரையில் எறியாதீர்கள்.

## பிளக்ஸ் பேனர்

வேண்டாம்.

## எல்லாவற்றையும் இறுதியாண்டு மாணவர்களே செய்வது

மே மாதம் அவர்கள் போய்விடுவார்கள். ஊராட்சிச் செயலரோடு ஏற்பட்ட பழக்கம், பழைய இரும்புக் கடைக்காரர் சொன்ன விலை, எந்தப் பக்கத்துக் கரையில் வண்டி ஏறும் என்ற விவரம் எல்லாம் அவர்கள் கைப்பேசியோடு போய்விடும். ஜூலையில் புதுக் குழு முதலிலிருந்து தொடங்கும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு முறையும் தேதி, எத்தனை மூட்டை, என்ன வகை, எங்கே போனது, யார் ஓட்டினார்கள், அவர்கள் எண் என்ன என்று எழுதி வையுங்கள். நோட்டு இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரின் கையில் இருக்கட்டும். செயலரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.