முதல் டிராக் டே: கடலோரத்துக் காரைப் பந்தயத் தடத்துக்குத் தயார்செய்வது எப்படி?

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குச் சொந்தக் காரையே கொண்டுபோய் ஓட்டலாமா, அதற்கு என்னென்ன மாற்ற வேண்டும் என்று புதுச்சேரியிலும் கடலூரிலும் இருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக ஓட்டலாம். தினமும் வேலைக்கு எடுத்துப்போகும் சின்ன காரே போதும். மாற்ற வேண்டியவை குறைவு. சரிபார்க்க வேண்டியவைதான் அதிகம்.

ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் 1990-இல் திறக்கப்பட்ட அந்தத் தடம் 3.7 கிலோமீட்டர் நீளம், 12 வளைவுகள் கொண்டது. டிராக் டே என்றால் பரிசுக்கான போட்டி இல்லை. கார்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, பதினைந்து இருபது நிமிடங்களுக்கு ஒரு குழுவாக உள்ளே விடுவார்கள். புதுச்சேரியிலிருந்து அது திண்டிவனம், செங்கல்பட்டு, ஒரகடம் வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர். போன காரிலேயே திரும்பி வர வேண்டும் என்பதை இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் இன்னொன்று. நம் நாட்டு வாகனக் காப்பீட்டுப் பாலிசிகள் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கியே எழுதப்பட்டவை. தடத்தில் கார் சுவரில் மோதினால் செலவு உங்களுடையது. கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும் காராக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருங்கள் என்றுதான் சொல்வேன்.

இரண்டு வாரத்துக்கு முன்: பிரேக்

என்ஜினைப் பற்றி யோசிக்கும் நேரத்தையெல்லாம் பிரேக்குக்குக் கொடுங்கள். வேகம் இரு மடங்கானால் காரை நிறுத்த உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. அவ்வளவும் சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க்கில் சூடாக மாறுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நாள் முழுக்க ஓட்டினாலும் படாத பாட்டை பிரேக் இங்கே ஐந்து நிமிடத்தில் படும்.

என் முதல் டிராக் டேயின் நான்காவது சுற்றில் பெடல் பஞ்சுபோல் ஆகி, பாதிக்கு மேல் உள்ளே இறங்கியது. பெடலை அடுத்தடுத்து மிதித்து, கியரைக் குறைத்து, வளைவில் திருப்பாமல் நேராகவே விட்டு, தடத்துக்கு வெளியே மண்ணில் நிறுத்தினேன். கார் நல்ல நிலையில்தான் இருந்தது, டிஸ்க்கை இறுக்கும் பேடும் புதிது. ஆனால் பிரேக் ஆயில் மூன்று வருடம் பழையது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். மூன்று நான்கு சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி உண்டாகும். நீங்கள் மிதிக்கும் அழுத்தமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும்; சக்கரத்துக்குச் சேராது. வருடம் முழுக்கக் கடல் ஈரத்தில் நிற்கும் நம் ஊர்க் கார்களில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

எனவே ஆயில் முழுவதையும் மாற்றுங்கள். உங்கள் கையேட்டில் எழுதியிருக்கும் வகையையே, மூடி திறக்காத டப்பாவாக வாங்குங்கள். கடலூர் முதுநகரில் எனக்கு வழக்கமாக வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன், சக்கரத்தின் பின்புறம் ஆயிலை வெளியேற்ற இருக்கும் சிறு திருகான நிப்பிளில் கண்ணாடி போன்ற ஒரு குழாயைச் செருகி, மறுமுனையை ஒரு பாட்டிலில் விட்டார். "மிதி தம்பி, மிதித்தபடியே பிடி, நான் சொல்லும்வரை காலை எடுக்காதே." அவர் நிப்பிளைத் திறந்ததும் பெடல் என் காலடியில் மெதுவாக அமிழ்ந்தது. குழாயில் முதலில் வந்தது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. நடுநடுவே கடுகளவு குமிழிகள். ஏழெட்டு முறைக்குப் பிறகு நிறம் வெளுத்து, இளம் தேன் நிறத்துக்கு வந்தது. நான்கு சக்கரத்திலும் அந்த நிறம் வரும்வரை அவர் விடவில்லை. நீங்களும் பக்கத்தில் நின்று அந்தக் குழாயைப் பாருங்கள். மேலே இருக்கும் தொட்டியில் மட்டும் புது ஆயில் ஊற்றுவதை மாற்றியதாகக் கணக்கில் எடுக்க முடியாது.

சக்கரம் கழன்றிருக்கும்போதே பேடையும் பாருங்கள். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள். புதுப் பேடுடன் நேராகத் தடத்துக்குப் போகாமல், ஓரிரு நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பழக்குங்கள். டிஸ்க்கில் விரிசலோ, நகம் சிக்கும் அளவுக்கு ஆழமான கோடோ இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். மேலாகப் படிந்த துருவைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு முறை பிரேக் போட்டால் போய்விடும்.

டயரும் நட்டும்

டயர் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. தரையைப் பிடிக்கும் பட்டன் நிறைய இருந்தாலும், ஐந்தாறு வருடம் வெயிலில் காய்ந்த டயர் இதற்கு ஆகாது. பக்கச் சுவரில் வீக்கமோ வெட்டோ இருந்தால் அந்த டயரோடு போகவே வேண்டாம்.

காற்றைக் கம்பெனி சொன்ன அளவில் வைத்துப் புறப்படுங்கள். தடத்தில் சூடேறும்போது அழுத்தம் ஆறேழு புள்ளி (பிஎஸ்ஐ) ஏறிவிடுவது சாதாரணம். அதனால் ஓட்டிவிட்டு வந்ததும் அளந்து, கொஞ்சம் காற்றை இறக்குவார்கள். ஒரு காற்று அளவி கையில் வைத்திருங்கள்.

வீல் நட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். உப்புக்காற்றில் துருவேறிய நட்டு, இறுகாமலேயே இறுகியதுபோல் காட்டும். கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிட்டு முறுக்குங்கள்.

என்ஜின் ஆயில் மேல் கோட்டைத் தொட வேண்டும், தாண்டக் கூடாது. கூலண்ட், பெல்ட், பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்ப் ஆகியவற்றை உங்கள் மெக்கானிக்கே பார்த்துவிடுவார்.

முந்தின நாள்: காரைக் காலி செய்யுங்கள்

இருக்கைக்கு அடியில் உருளும் ஒரு தண்ணீர் பாட்டில் பிரேக் பெடலுக்குக் கீழே போய் மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஓட்டுநர் பக்க மிதியடி, குடை, சில்லறை, டாஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார் எல்லாம் வெளியே வர வேண்டும். பிள்ளையாரைத் துணியில் சுற்றிப் பைக்குள் வையுங்கள்; அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஸ்டெப்னியும் ஜாக்கியும் வழிப் பயணத்துக்குத் தேவை. அங்கே போனதும் இறக்கி வைத்துவிட்டு, சாயங்காலம் மறக்காமல் ஏற்றுங்கள். கருவிப் பையில் இருக்கும் இழுவைக் கொக்கி உங்கள் பம்பரில் எங்கே பொருந்துகிறது என்பதை வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

நீங்கள்

முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்திக் கால்சட்டை, மெல்லிய அடிப்பாகம் உள்ள, கயிறு கட்டும் ஷூ. எந்தத் தரத்து ஹெல்மெட்டை ஏற்பார்கள் என்று நடத்துபவர்களிடம் முன்பே கேளுங்கள். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு காரில் உட்கார்ந்து பாருங்கள். தலை கூரையில் இடித்தால் இருக்கையை இறக்க வேண்டும். பிரேக்கை முழுக்க மிதித்த பிறகும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். தோள் இருக்கையில் பதிந்தபடி கையை நீட்டினால், மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் பட வேண்டும்.

முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள். காலையில் இட்லி போல எளிதாகச் செரிப்பதைச் சாப்பிடுங்கள். மூடிய காருக்குள் ஹெல்மெட்டோடு வேர்த்துக் கொட்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீரும் நீர்மோரும் குடித்துக்கொண்டே இருங்கள்.

தடத்தில்

காலை விளக்கக் கூட்டத்தில் ஒரு சொல்லையும் தவறவிடாதீர்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. வேகத்தைக் குறைத்து, தடத்தோரம் கார்கள் நிற்கும் இடமான பிட்டுக்குத் திரும்ப வேண்டும். நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது. கறுப்புக் கொடியை உங்களுக்குக் காட்டினால் உள்ளே வாருங்கள்.

முதல் மூன்று சுற்றுகள் தடத்தைப் படிக்க மட்டும். எங்கே பிரேக் போடுகிறோம், எங்கே திருப்புகிறோம், வளைவின் உள்விளிம்பை எங்கே தொடுகிறோம் என்று ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் அடையாளம் பிடியுங்கள். கண், முன்னால் போகும் காரின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளக் கூடாது. அடுத்துப் போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். நேராக இருக்கும்போதே அழுத்தமாக பிரேக் போட்டு முடித்து, பிறகு திருப்புங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் படபடவென்று அதிரும். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள்.

கடைசிச் சுற்றைப் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி, காற்றில் ஆறவிடுங்கள். நிறுத்திய பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுக்க வேண்டாம். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுங்கள். சூடான டிஸ்க்கை பேட் இறுக்கிப் பிடித்தபடி நின்றால், பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டாகப் படிந்து, பிறகு ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் அதிரும். பெட்ரோலைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். வளைவில் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்ப்புக்கு எட்டாமல் போகலாம்.

பெடல் முன்பைவிடக் கொஞ்சம் கீழே போவதுபோல் தோன்றினால் அந்தச் சுற்றோடு உள்ளே வந்துவிடுங்கள். இன்னும் ஒரே ஒரு சுற்று என்று நினைக்காதீர்கள்.

திரும்பும் வழி

பகலில் இறக்கிய காற்றை மறுபடி நிரப்பாமல் நெடுஞ்சாலையில் ஏறவே ஏறாதீர்கள். டயர் ஆறிய பிறகு அழுத்தம் கம்பெனி அளவுக்கும் கீழே இருக்கும். முழு வேகத்தில் திண்டிவனம் வரை அப்படி ஓட்டினால் டயர் வெடிக்கலாம். வீல் நட்டுகளையும் ஒரு முறை முறுக்கிப் பாருங்கள். நாள் முழுக்கத் தடத்தில் ஓட்டிய கண்ணுக்கு நூறு கிலோமீட்டர் வேகம் நடப்பதுபோல் தெரியும். அடிக்கடி வேகமானியைப் பாருங்கள்.

மறுநாள் பிரேக் ஆயிலின் நிறத்தையும் பேடின் கனத்தையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பெடல் பழைய உயரத்தில் நிற்கவில்லை என்றால் நான்கு சக்கரத்தின் பிரேக் குழாயிலும் மறுபடி ஏர் எடுக்கச் சொல்லுங்கள்.