பிங்க் ஃபிளாய்ட் போடும் முன் ஒரு செட்டிங்

பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் இசைக்குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ கேட்கும் முன், மியூசிக் ஆப்பில் ஷஃபிளை அணைத்து, கிராஸ்ஃபேடைப் (ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் ஆப்பே கலப்பது) பூஜ்யமாக்கி, கேப்லெஸ் பிளேபேக்கை (பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் ஓட்டுவது) ஆன் செய்துவிடுங்கள். ராக் பக்கம் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் கைகாட்டும் ஆல்பம் இது. 1973-இல் வந்தது, சுமார் 43 நிமிடம். பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று ஓடும். ‘ஆன் தி ரன்’ வெடித்து அடங்கும் முழக்கத்துக்குள்ளிருந்தே ‘டைம்’ பாட்டின் கடிகாரச் சத்தம் கிளம்பும். நடுவில் அரை நொடி மௌனம் விழுந்தாலும் அந்தச் சுகம் போச்சு. ‘மணி’ (Money) பாட்டுக்கு முன்னால் இடைவெளி வந்தால் பரவாயில்லை, இசைத்தட்டைத் திருப்பிப் போடும் இடம் அது. ஹிட்ஸ் தொகுப்புகளுக்கு இந்த மெனக்கெடல் வேண்டாம். நடுவில் விளம்பரம் வரும் இலவசக் கணக்கிலும் இது பலிக்காது. அதற்குப் பழைய சிடியே மேல்.