கண்மாய் வேலைக்குக் கல்லூரி இறங்கும்போது

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருப்பதாகக் கணக்கு. 2014-இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் திட்டத்தின்கீழ் கல்லூரிகள் ஊர்களைத் தத்தெடுக்கின்றன. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் ஏழு நாள் முகாமிடுகிறார்கள். ஆயினும் கரையில் மரக்கன்று நட்டுப் படமெடுத்துத் திரும்புவதோடு பல முகாம்கள் முடிந்துவிடுகின்றன. ஒரே ஒரு கண்மாயை எடுத்துக்கொண்டு மூன்றாண்டு உழைப்பதே பயன் தரும் என்பது என் கருத்து.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும் என்பதால், மண்வேலை அதற்கு முந்தைய வறண்ட மாதங்களில் முடிந்தாக வேண்டும். அம்மாதங்களில் பாதி, கல்லூரியில் தேர்வுக்கும் விடுமுறைக்கும் போய்விடும். ஆகவே அளவெடுப்பைத் தண்ணீர் நிற்கும் ஜனவரியிலேயே தொடங்கி, கண்டதை மே 1 கிராம சபையில் வைத்து, எந்த வேலை முதலில் என்பதை ஊரே முடிவுசெய்ய விடுங்கள். மனு எழுதுமுன் கண்மாய் யார் பொறுப்பிலுள்ளது என்று பாருங்கள்: 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளவை பொதுவாக நீர்வளத்துறையையும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்தையும் சேர்ந்தவை.

தூர்வாருவதற்கு முன்பு வரத்துக்காலை, அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயை, முழுவதும் நடந்து பாருங்கள். தண்ணீரே வந்து சேராத கண்மாயை ஆழப்படுத்தி என்ன செய்வது? வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் ஊரின் நீர்பாய்ச்சியை உடன் அழைத்து, அன்றைய கூலியை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். பேராசிரியருக்கு மதிப்பூதியம் தரும் நிறுவனம் இதில் கணக்குப் பார்க்கக் கூடாது. புதிய சாலைக்கு அடியிலுள்ள குழாய்ப்பாலத்தருகே அவர் நின்று, குழாயின் வாய் கால்வாய்த் தரையைவிட ஒரு சாண் உயரத்தில் இருப்பதைக் கம்பால் தட்டிக் காட்டக்கூடும். அந்த ஒரு சாணை மட்டக்கருவியால் அளந்து, புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) இடத்தைக் குறித்து, நிழற்படத்துடன் மனுவில் இணைப்பது மாணவர் வேலை. வாய்மொழியாகச் சொன்னபோது அசையாத கோப்பு, அளவோடு போனால் நகர வாய்ப்பு அதிகம்.

தூர்வாரும் ஆழத்தை, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் அடிமட்டத்தை வைத்தே முடிவுசெய்ய வேண்டும். அதற்குக் கீழே தேங்கும் நீர் ஆடுமாடுகளுக்கும் நிலத்தடி நீருக்கும் உதவும், ஆனால் மடைவழியே வயலுக்குப் பாயாது. கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் கரையே பலவீனப்படும். வண்டலை உழவர்கள் அள்ளிச் செல்ல வட்டாட்சியரின் அனுமதி வேண்டும். அதற்கு முன் அதன் உவர்த்தன்மையையும் கார அமில நிலையையும் வேதியியல் துறை சோதித்துச் சொல்லட்டும்.

ஆய்வறிக்கை ஆங்கிலத்தில் நூலக அலமாரிக்குப் போவதோடு நின்றால் ஊருக்கு எதுவும் மிஞ்சாது. கண்மாயின் வரைபடத்தைத் தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதுங்கள். மடைச்சுவரில் துறையின் ஒப்புதலோடு அளவுகோல் வரைந்து, வாரந்தோறும் நீர்மட்டத்தைக் குறிக்கும் நோட்டை ஊர்ப் பள்ளியில் வையுங்கள். செலவுக்கணக்கைக் கிராம சபையில் உரக்கப் படியுங்கள். சந்தேகங்கள் பெரும்பாலும் அங்கேயே தீரும்.

மாணவர்கள் மூன்றாண்டில் வெளியேறிவிடுவார்கள். எனவே ஓர் ஆசிரியரும் ஊரார் இருவரும் தொடர்ந்து பொறுப்பேற்க வேண்டும்; இறுதியாண்டு மாணவர்கள் செப்டம்பரில் புதியவர்களை அதே வரத்துக்கால் வழியே நடத்திச் சென்று, அந்தக் குழாய்ப்பாலத்தடியில் நோட்டை ஒப்படைக்கட்டும்.