டயர் பக்கவாட்டில் கிழிந்தால் பால்மா பைக்கட் கைகொடுக்கும்

200 கிலோமீட்டர் நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்துக்கு வழக்கமாகக் கிடைக்கும் நேரம் 13 மணி 30 நிமிடம். இலங்கையின் மலையகத்தில் அது ஏற்றத்திலேயே கரைந்துவிடும். றம்பொடைப் பக்கம் கூரான கல் ஒன்றில் என் டயரின் பக்கச்சுவர் கிழிந்தது. புது டியூப் மாட்டிக் காற்றடித்தால், கிழிசல் வழியாகப் புடைத்துக்கொண்டு வந்தது.

தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலில் நின்ற அக்கா ஒருவர், "இது உதவுமா தம்பி?" என்று வெறும் பால்மா பைக்கட்டைத் துடைத்து நீட்டினார். அருமையாக உதவியது.

செய்முறை இதுதான். பைக்கட்டை நாலாக மடியுங்கள். டயரின் உள்பக்கம், கிழிசலைச் சுற்றி இரண்டு விரல் அகலம் கூடுதலாக மூடும்படி வையுங்கள். டியூபைப் பொருத்தி முதலில் கொஞ்சமாகக் காற்றடித்து, மடிப்பு நகரவில்லையா என்று பாருங்கள். அப்புறம் வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவான காற்றோடு ஓட்டுங்கள். கிழிந்த டயர் முன்சக்கரத்தில் இருந்தால் பின்னுக்கு மாற்றிவிடுவது நல்லது.

இறக்கத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். கண்டி ஏறத்தாழ 500. சக்கர விளிம்பை (றிம்) அழுத்திப் பிடிக்கும் றிம் பிரேக்கை விடாமல் பிடித்தால் றிம் சூடேறி டியூபே வெடிக்கலாம். விட்டு விட்டுப் பிடியுங்கள், இடையிடையே நிறுத்தி ஆறவிடுங்கள்.

அக்கா தந்த தேங்காய் ரொட்டிக்கும் தேத்தண்ணிக்கும் காசு வாங்க மறுத்துவிட்டார். இப்போது இப்படிக் கிழிசலுக்கு உள்ளே வைக்க, என் பையில் பழைய டயர்த் துண்டுகள் இரண்டு எப்போதும் இருக்கும். ஒன்று எனக்கு, மற்றது வழியில் நிற்பவருக்கு.