மதுரையில் அரை நாள் சுற்றுலா: சேர்வதா, வேண்டாமா என்று முடிவு செய்வது எப்படி?

மதுரைக்கு வருகிறவர்களில் பலருக்கு ஊரைப் பார்க்கக் கிடைப்பது ஒரு பகல், சில நேரம் அதிலும் பாதிதான். உறவினர் திருமணத்துக்கு வந்தவர், ராமேசுவரம் போகும் வழியில் இறங்கியவர், அலுவலை முடித்துவிட்டு இரவு ரயிலுக்குக் காத்திருப்பவர் என எல்லோருக்கும் விடுதி வரவேற்பறையிலும் ரயில் நிலைய வாசலிலும் ஒரே அழைப்புதான் வருகிறது: நான்கு மணி நேரத்தில் ஐந்து இடங்கள், வேனும் வழிகாட்டியும் சேர்த்து ஒரே கட்டணம். இதில் சேர்வதா வேண்டாமா என்பதைக் கட்டணத்தை வைத்தே பெரும்பாலானோர் முடிவு செய்கிறார்கள். கட்டணம் கடைசியாகப் பார்க்க வேண்டியது. அந்த நான்கு மணி நேரத்தில் வண்டியில் கழியும் நேரம் எவ்வளவு, ஓரிடத்தில் நின்று, விஷயம் தெரிந்த ஒருவர் சொல்லக் கேட்டுப் பார்க்கும் நேரம் எவ்வளவு என்பதைத்தான் முதலில் கணக்கிட வேண்டும்.

வழக்கமான பட்டியலை எடுத்துக்கொள்வோம்: மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், காந்தி நினைவு அருங்காட்சியகம், வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், திருப்பரங்குன்றம். கோயிலிலிருந்து மகாலுக்கு நடந்தே போய்விடலாம். அருங்காட்சியகமோ வைகைக்கு வடகரையில், தமுக்கம் பக்கம் இருக்கிறது. தெப்பக்குளம் ஊரின் கிழக்குக் கோடியில் இருக்க, திருப்பரங்குன்றம் அதற்கு நேர் எதிராகத் தென்மேற்கில் சுமார் 8 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விடுதி விடுதியாக ஆள் ஏற்றுவது, பாலத்து நெரிசல், வண்டி நிறுத்த இடம் தேடுவது, இறங்கியவர்களை மறுபடி ஒன்று சேர்ப்பது எல்லாவற்றையும் சேர்த்து ஓரிடத்துக்கு இருபது நிமிடம் என்று குறைத்தே வைத்தாலும், 240 நிமிடத்தில் 100 நிமிடம் அதிலேயே போய்விடும். எஞ்சும் 140 நிமிடத்தில் கோயிலுக்கு ஒரு மணி நேரத்தை ஒதுக்கினால், மற்ற நான்கு இடங்களுக்கும் தலா இருபது நிமிடம்தான் மிஞ்சும். திருப்பரங்குன்றத்தில் அந்த இருபது நிமிடம் தரிசன வரிசைக்கே போதாது. ஆகவே, பட்டியலில் இடங்கள் கூடக் கூடச் சுற்றுலாவின் மதிப்பு குறைகிறது என்றே கொள்ள வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மூன்று இடம் என்று சொல்பவரை நம்பலாம். ஐந்து என்பவரைக் கேள்வி கேட்க வேண்டும். அதற்கு மேல் சொல்பவரிடம் பேச்சை வளர்க்க வேண்டியதில்லை.

அடுத்தது, இடங்களின் வரிசை. மதுரையைப் பொறுத்தவரை இதைப் போல உண்மையைக் காட்டிக்கொடுக்கும் சோதனை வேறில்லை, ஏனென்றால் இங்கே ஒவ்வோர் இடமும் தனக்கென ஒரு நேரம் வைத்திருக்கிறது. கோயில் விடியற்காலையில் திறந்து பன்னிரண்டரை மணி வாக்கில் நடை சாத்தப்பட்டு, மாலை நான்கு மணிக்குத்தான் மறுபடி திறக்கிறது. மகாலுக்குள் காலை ஒன்பது மணிக்குமேல், மாலை ஐந்து மணிவரை போகலாம். அருங்காட்சியகம் பத்து மணிக்குத் திறந்து நடுவில் உணவு இடைவேளை விடுகிறது. வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை. இவற்றை அறிந்து திட்டமிடுகிறவர் காலைச் சுற்றுலாவைக் கோயிலில்தான் தொடங்குவார்: ஏழு மணிக்கு உள்ளே போய் ஒன்பதரைக்கு வெளியே வந்து, மகாலைப் பார்த்துவிட்டு, பதினொரு மணி வாக்கில் அருங்காட்சியகத்தை அடைவார். மாலைச் சுற்றுலா என்றால் இதையே தலைகீழாக்கி, அருங்காட்சியகத்தில் தொடங்கிக் கோயிலில் முடிப்பார். காலை ஒன்பது மணிக்குத் தெப்பக்குளத்தில் தொடங்கிப் பதினொன்றரைக்குக் கோயில் வாசலில் இறக்கிவிடும் சுற்றுலா, ஊரின் மிகச் சிறந்த இடத்தை நடை சாத்தும் அவசரத்திலும் கூட்டத்திலும் உங்களுக்குக் காட்டுகிறது. வெள்ளிக்கிழமைச் சுற்றுலாவில் அருங்காட்சியகத்தையும் சேர்த்துச் சொல்பவர், ஒன்று அறியாதவர், அல்லது வெளியே நின்று கட்டடத்தைக் காட்டிவிட்டுக் கிளம்பப் போகிறவர்.

கோயிலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மதுரையில் வழிகாட்டி ஒருவருக்குக் கொடுக்கும் பணம் முழுதாகப் பயன் தருவது அங்கேதான். தனியாகப் போகிறவர் தரிசனம் செய்யலாம், பொற்றாமரைக் குளத்தங்கரையில் உட்காரலாம், கோபுரங்களை அண்ணாந்து பார்க்கலாம். அதற்கு எவர் துணையும் தேவையில்லை. ஆனால் சுவாமி சந்நிதிக்கு முன்னுள்ள கம்பத்தடி மண்டபத்தில், கூட்டத்தின் ஓட்டத்தில் கடந்துபோகும் ஒரு தூணில், திருமால் தாரை வார்த்துக் கொடுக்க, நாணத்தோடு நிற்கும் மீனாட்சியின் கையைச் சுந்தரேசுவரர் பற்றியிருக்கிறார் என்பதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அதன் எதிரே ஆளைவிட உயரமாக நிற்கும் அக்கினி வீரபத்திரரும் அகோர வீரபத்திரரும் யார், ஊர்த்துவ தாண்டவருக்கு எதிராகக் காளி ஏன் நிற்கிறாள் என்பதும் அப்படியே. வெள்ளியம்பலத்தில் நடராசர் வலது காலைத் தூக்கி ஆடுகிறார். மற்ற கோயில்களில் இடது காலைத் தூக்கியே பார்த்துப் பழகிய கண் இந்த மாற்றத்தை எளிதில் கவனிப்பதில்லை. ஆடல் கற்ற பாண்டியன், ஒரே காலில் நின்றாடினால் எப்படி வலிக்கும் என்பதைத் தன் உடம்பால் உணர்ந்து, இறைவனைக் கால் மாற்றி ஆடும்படி வேண்டிக்கொண்டான் என்ற கதையை அந்தச் சந்நிதியிலேயே நின்று கேட்பதற்கு ஈடு கிடையாது. வடக்கு ஆடி வீதியின் இசைத் தூண்களும், 985 தூண்கள் கொண்ட ஆயிரங்கால் மண்டபமும் இப்படியே சொல்லித் தெரிய வேண்டியவை. இவை எல்லாவற்றுக்கும் இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

எனவே வேன் சுற்றுலாக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வழிகாட்டி கோயிலுக்குள் உங்களோடு வருவாரா என்பது. வாசலில் பத்து நிமிடம் வரலாற்றைச் சொல்லிவிட்டு, தரிசனம் முடித்து வாருங்கள், வண்டியில் இருக்கிறேன் என்பவர் பலர். கைப்பேசியை உள்ளே கொண்டுபோக முடியாது என்பதால், அதையும் காலணியையும் பாதுகாப்பு அறையில் ஒப்படைத்துத் திரும்பப் பெறும் நேரமும் உங்கள் ஒரு மணி நேரத்திலிருந்தே கழியும். உள்ளே பிரிந்துவிட்டால் அழைத்துப் பேசவும் வழியில்லை. தரிசன நேரம் தனியா, சிற்பங்களைப் பார்க்கும் நேரம் தனியா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். உடன் வரும் நண்பர்களில் இந்துக்கள் அல்லாதவர் இருந்தால், அவர்கள் சந்நிதிகளுக்குள் போக முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லி, வெளி மண்டபங்களில் கூடுதல் நேரம் செலவிடும் வழிகாட்டியாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

வழிகாட்டியின் தரத்தை அறிவதும் கடினமில்லை. சுற்றுலாத் துறை வழங்கிய அடையாள அட்டை இருக்கிறதா என்று தயங்காமல் கேட்கலாம். அட்டையைக் காட்டிலும் பேச்சு உறுதியான சான்று. ஊரைப் பற்றிச் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: பெருமாள் மேஸ்திரி வீதிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? ஊரை அறிந்தவர் என்றால், 19ஆம் நூற்றாண்டில் பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டதையும், அந்த வேலையில் ஈடுபட்ட மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோர் பெயர்கள் வீதிகளுக்கு நிலைத்ததையும், பிளாக்பர்ன் நினைவாக எழுந்ததுதான் விளக்குத்தூண் என்பதையும் ஓர் இழுப்பில் சொல்வார். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக விரியும் வீதிகளை அவர் விளக்கத் தொடங்கினால், அந்த மனிதரைக் கைவிடாதீர்கள். கோபுரத்தின் உயரத்தையும் தூண்களின் எண்ணிக்கையையும் மட்டும் ஒப்பிப்பவர் சொல்வதைத் தகவல் பலகையே சொல்லிவிடும்.

கடை விஷயத்தை மறைக்காமல் பேச வேண்டும். கோயிலைச் சுற்றியுள்ள கலைப்பொருள் கடைகள் சிலவற்றின் மாடியிலிருந்து கோபுரங்கள் அழகாகத் தெரியும். படம் எடுக்க மேலே அழைத்துப்போகிறேன் என்று வழிகாட்டி சொல்வார். காட்சி உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஆனால் இறங்கிவரும் வழி கம்பளங்களுக்கும் வெண்கலச் சிலைகளுக்கும் நடுவில்தான். விற்பனையில் வழிகாட்டிக்குப் பங்கு உண்டு என்பது ஊரறிந்தது. வாங்க விருப்பமிருந்தால் குற்றமில்லை, ஆனால் அந்த அரை மணி நேரம் மகாலுக்கு உரியது. கட்டுபடியாகாத அளவு மலிவான கட்டணம் சொல்லப்பட்டால், மீதிப் பணம் இந்தக் கடைகளிலிருந்து வருகிறது என்று எண்ணிக்கொள்ளலாம். கடைகள் வேண்டாம் என்று பணம் கட்டும் முன்பே சொன்னபோது எதிரில் இருப்பவரின் பதில் தடுமாறினால், அதுவே உங்களுக்கு விடை.

இவ்வளவும் பார்த்த பிறகு கட்டணத்துக்கு வரலாம். தனியாக வந்த ஒருவருக்கு, நல்ல வேன் சுற்றுலாவில் ஓர் இருக்கை பெரும்பாலும் லாபமே. மூன்று நான்கு பேராக வந்த குடும்பத்துக்கு அப்படியில்லை. நான்கு இருக்கைகளுக்கான தொகையையும், கோயிலுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒரு வழிகாட்டியை அமர்த்தி, மற்ற இடங்களுக்கு ஆட்டோவில் போய்வரும் செலவையும் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். தொகை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்கூட இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் வேன் கிளம்பிவிடும் என்ற பதற்றம் இல்லாமல் காந்தி அருங்காட்சியகத்தில் இருக்கலாம். ராணி மங்கம்மாள் காலத்துத் தமுக்கம் அரண்மனையில் 1959இல் நேருவால் திறந்துவைக்கப்பட்ட அந்த இடத்தில், காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த குருதிக்கறை படிந்த துணி வைக்கப்பட்டிருக்கிறது. 1921 செப்டம்பர் 22ஆம் நாள் அவர் அரையாடைக்கு மாறியதும் இதே ஊரில், மேலமாசி வீதியில்தான். பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு ஓடும் இடமல்ல அது. மகாலுக்கு இத்தனை நேரம் வேண்டாம். 1636இல் எழுந்த அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது நான்கில் ஒரு பங்குதான், முக்கால் மணி நேரம் போதும்.

வேன் சுற்றுலாவில் சேர்வதே சரி என்று சொல்லத்தக்கவர்களும் உண்டு. வெயிலில் அலைய முடியாத பெரியவர்களோடு வந்தவர்கள், இரண்டு ரயில்களுக்கு நடுவே ஐந்தாறு மணி நேரம் மட்டும் இருப்பவர்கள், தமிழ் தெரியாத விருந்தினரை அனுப்பிவைக்க நினைப்பவர்கள் ஆகியோருக்கு, யாரோ ஒருவர் வண்டியையும் நேரத்தையும் பார்த்துக்கொள்வது பெரிய நிம்மதி. மாறாக, இரண்டு இரவு தங்குகிறவர்களுக்கு இது தேவையே இல்லை. காலையில் கோயில், மாலையில் தெப்பக்குளக் கரை, மறுநாள் கீழடி அருங்காட்சியகம் என்று அவர்களே பிரித்துக்கொள்ளலாம். சித்திரைத் திருவிழாவில் திருக்கல்யாணம், தேரோட்டம், அழகர் ஆற்றில் இறங்கும் நாள் ஆகிய நாட்களில் எந்த வேன் சுற்றுலாவிலும் சேர வேண்டாம். போக்குவரத்து மாற்றங்களால் வண்டி ஊருக்குள் நகராது. அந்த நாட்களில் நடந்து பார்ப்பதுதான் ஊர்.

சேர்வது என்று முடிவானால், வழிகாட்டி உள்ளே வருவார், கடைகளுக்குப் போவதில்லை, நுழைவுக் கட்டணங்கள் தொகையில் அடங்கும், சுற்றுலா எந்த இடத்தில் எத்தனை மணிக்கு முடியும் என்ற நான்கையும் வாய்ப்பேச்சோடு விடாமல் குறுஞ்செய்தியாகவோ ரசீதிலோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாலைச் சுற்றுலா என்றால் கோயிலிலேயே உங்களை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டால், வேன் போன பிறகும் நடை சாத்தும் வரை உள்ளே இருக்கலாம். ரயில் நிலையம் அங்கிருந்து நடக்கும் தூரம்தான்.