டம்ளர் மேல் கோபம் இல்லை
குழந்தை தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டதற்கு வீடே அதிரக் கத்திவிட்டு, அப்புறம் அது தூங்கும்போது முகத்தைப் பார்த்துக் கண் கலங்குகிறீர்களா? கோபம் டம்ளர் மேல் இல்லை, பல நாளாகச் சேர்ந்த களைப்பு அது.

அந்த நேரத்துக்கு ஒன்று சொல்கிறேன். குழந்தை பத்திரமான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய் மூக்கால் 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, வாயால் 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள், ஐந்தாறு தடவை போதும். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் குறையும், அதனால்தான் விடுவது நீளமாக இருக்க வேண்டும்.

ஆனால் இது முதலுதவிதான். தினமும் அம்மா அப்பா இருவரும் முறை வைத்து ஆளுக்கு 30 நிமிடம் முழு விடுப்பு எடுங்கள், "அந்த நீலச் சட்டை எங்கே" என்று யாரும் கதவைத் தட்டக்கூடாது. அந்த நேரத்தில் துணி மடித்தால் அது ஓய்வில்லை (நானும் மடித்த ஆள்தான்). தனியாக வளர்ப்பவர்கள் "உதவி வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், "சனிக்கிழமை 5 முதல் 6 வரை பார்த்துக்கொள்ள முடியுமா" என்று கேளுங்கள், கேட்கப்படுபவருக்குச் சரி என்று சொல்வது எளிது.

தூங்கி எழுந்தும் களைப்பு தீராமல், பிள்ளைகள் மேல் ஒட்டுதலே இல்லாத மாதிரி வாரக்கணக்கில் இருந்தால் மருத்துவரிடம் பேசுங்கள். உங்களையோ குழந்தையையோ காயப்படுத்திவிடுவோமோ என்று தோன்றினால் உடனே, அந்த நிமிடமே.